அலோனா, லோன்லியா? தனிமைக்கு ஏற்ற ஆங்கிலச் சொல்லைத் தேர்வது எப்படி

என்னிடம் மாலை வகுப்பில் ஆங்கிலம் படித்த பெண் ஒருத்தி இப்போது இங்கிலாந்தில் செவிலியராக இருக்கிறாள். வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம் அவளுக்கு இரவுப் பணி. வார்டில் இரண்டு செவிலியர்கள் இருக்க வேண்டும். உடன் இருந்தவருக்கு உடம்பு முடியாமல் போய், நடுவிலேயே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். இருபதுக்கும் மேற்பட்ட படுக்கைகள், இவள் ஒருத்தி. மேற்பார்வையாளருக்கு அவசரமாக ஒரு செய்தி அனுப்பினாள்: 'ஐ ஆம் லோன்லி இன் தி வார்டு.'

பதில் உடனே வந்தது. மிகவும் அன்பான பதில். புது நாட்டில் முதல் சில மாதங்கள் அப்படித்தான் இருக்கும், மனத்தைத் தளரவிடாதே, காலையில் பணி முடிந்ததும் என் அறைக்கு வா, தேநீர் குடித்தபடி பேசலாம் என்று எழுதியிருந்தார். உதவிக்கு ஆள் மட்டும் வரவில்லை. இருபது நிமிடம் கழித்து அவளே தொலைபேசியில் அழைத்து நிலைமையைச் சொன்ன பிறகுதான் பக்கத்து வார்டிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள்.

மேற்பார்வையாளர் மீது குற்றம் சொல்ல முடியாது. அவருக்குக் கிடைத்த செய்தியின் பொருள், 'எனக்கென்று யாருமில்லையே என்று மனம் வாடுகிறது' என்பது. இவள் சொல்ல நினைத்ததோ, 'வார்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்' என்பது. தமிழில் இந்த இரண்டையுமே 'தனியாக இருக்கிறேன்' என்று சொல்லிவிடலாம். கேட்பவர் நம் முகத்தையும் குரலையும் வைத்து எது என்று புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் சொல்லே செய்துவிடுகிறது. அதனால் ஆங்கிலச் சொல்லைத் தேடுவதற்கு முன்னால், நம் 'தனியாக' எந்தத் 'தனியாக' என்று நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் 'அலோன்'. இது தலைகளை எண்ணும் சொல். பக்கத்தில் வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். மகிழ்ச்சியா வருத்தமா என்று இது எதுவும் சொல்வதில்லை. வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போய்விட, நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கால் நீட்டி உட்கார்ந்து பிடித்த புத்தகத்தைப் படிக்கிறீர்கள் என்றால், நீங்கள் 'அலோன்'. 'லோன்லி' அப்படியல்ல. அது மனத்தைச் சொல்லும் சொல். நானூறு பேர் கூடியிருக்கும் அதே கல்யாண மண்டபத்தில், பேச்சுக் கொடுக்க ஒருவரும் இல்லாமல் ஓர் ஓரத்து நாற்காலியில் சாப்பாட்டு அழைப்புக்காகக் காத்திருக்கிறீர்களே, அப்போது நீங்கள் 'லோன்லி'. சுற்றிலும் ஆட்கள் இருப்பது அதைத் தடுக்காது. சில நேரம் அதிகமாக்கவும் செய்யும்.

பிறந்த கதை தெரிந்தால் இந்த வேறுபாடு எளிதாக மனத்தில் நிற்கும். பழைய ஆங்கிலத்தில் 'ஆல்' என்ற சொல்லும் 'ஒன்' என்ற சொல்லும் சேர்ந்து 'முழுக்க ஒன்றே' என்ற பொருளில் உருவானதுதான் 'அலோன்'. ஆக, அதன் வேரிலேயே எண் இருக்கிறது. 'ஓன்லி' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். அந்தக் காலத்தில் ஒன்றைக் குறிக்கும் சொல்லில் 'ஓ' ஒலிதான் இருந்தது. இன்றைய 'வன்' பிறகு வந்த உச்சரிப்பு. பழைய ஒலி 'அலோன்', 'ஓன்லி' இரண்டிலும் அப்படியே தங்கிவிட்டது. பிற்பாடு 'அலோன்' முன்னெழுத்தை உதிர்த்து 'லோன்' ஆனது. அதனோடு விகுதி சேர்ந்து 'லோன்லி' பிறந்தது. ஷேக்ஸ்பியர் காலத்திலேயே அது புழக்கத்தில் இருந்தது. எண்ணைச் சொல்லவந்த சொல்லின் பேரப்பிள்ளை ஏக்கத்தைச் சொல்லும் சொல்லாக வளர்ந்துவிட்டது.

தமிழிலும் மனத்தின் தனிமைக்கென்று ஒரு சொல் ஒரு காலத்தில் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. தொல்காப்பியத்தின் உரியியலில் 'புலம்பே தனிமை' என்று ஒரு நூற்பா வருகிறது. சங்கப் பாடல்களில் தலைவன் பிரிந்துபோக, மாலைப் பொழுதில் தலைவியைச் சூழும் தனிமைக்குப் புலம்பு என்று பெயர். இன்று நாம் வாய்விட்டு அரற்றுவதைப் புலம்பல் என்கிறோம். ஆளில்லாத நிலையையும் அது தரும் அழுகையையும் நம் மொழி ஒரே சொல்லில் முடிந்து வைத்திருந்தது. 'லோன்லி' என்ற சொல்லுக்கு இதைவிட நெருங்கிய உறவு தமிழில் எனக்குத் தென்படவில்லை. அந்தப் பொருளில் புலம்பு வழக்கொழிந்துவிட்டதால், அதன் சுமையும் 'தனிமை'யின் தலையிலேயே விழுந்துவிட்டது.

ஆங்கிலேயர்கள் தங்களைப் பற்றி 'லோன்லி' என்று எளிதில் சொல்லிவிடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அது கனமான ஒப்புதல். தனிமையை ஆராய்பவர்கள் பயன்படுத்தும் ஒரு சிறிய கேள்வித்தாளில் மூன்றே கேள்விகள்தான். தோழமை குறைவாக இருப்பதாக எத்தனை முறை உணர்கிறீர்கள், விடுபட்டுப்போனதாக எத்தனை முறை உணர்கிறீர்கள், பிறரிடமிருந்து துண்டிக்கப்பட்டதாக எத்தனை முறை உணர்கிறீர்கள் என்று கேட்கிறது. மூன்றிலும் 'லோன்லி' என்ற சொல்லே கிடையாது. இவ்வளவு கனமான சொல்லை நள்ளிரவில் ஒரு புதிய செவிலியர் எழுதி அனுப்பினால், மேற்பார்வையாளர் பதறத்தானே செய்வார்?

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். 'அலோன்' என்பதற்கு முன்னால் 'ஃபீல்' வந்துவிட்டால் அதுவும் மனத்தின் பக்கம் சாய்ந்துவிடும். 'ஐ ஆம் அலோன்' என்றால் ஆள் இல்லை. 'ஐ ஃபீல் அலோன்' என்றால் ஆறுதல் இல்லை.

இலக்கணத்தில் 'அலோன்' ஒரு பிடிவாதக்காரர். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்க மாட்டார். 'தி மேன் இஸ் அலோன்' சரி. 'அன் அலோன் மேன்' தவறு. 'அஸ்லீப்', 'அவேக்', 'அலைவ்' ஆகியவற்றுக்கும் இதே குணம். முன்னால் நிற்க ஆள் வேண்டுமென்றால் 'லோன்', 'லோன்லி', 'சாலிட்டரி' ஆகியவற்றில் பொருளுக்கு ஏற்றதை அழைக்க வேண்டும்.

இன்னொரு குணமும் உண்டு. நம்மூர் ஆங்கிலத்தில் அதிகம் இடறும் இடம் அது. 'ஹி கேம் அலோன்' என்றால் அவன் துணையில்லாமல் வந்தான். 'ஹி அலோன் கேம்' என்றால் அவன் மட்டும் வந்தான், அழைத்த மற்றவர்கள் வரவில்லை. சொல் இடம் மாறியதும் 'தனியாக' என்பது 'மட்டும்' ஆகிவிட்டது. நாம் தமிழில் எதற்கெடுத்தாலும் 'மட்டும்' போடுகிறவர்கள். அந்தப் பழக்கத்தில் 'டுடே அலோன்', 'திஸ் புக் அலோன்' என்று எழுதிவிடுகிறோம். அது பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'ஜஸ்ட்', 'ஓன்லி' வந்திருக்க வேண்டிய இடத்தில் 'அலோன்' வந்தால் வெளிநாட்டுக்காரர் ஒரு நொடி தயங்குவார். அவர்கள் அந்த 'அலோன்' போடுவது ஒன்றை அழுத்திச் சொல்லத்தான்: இந்த ஒரு காரணமே போதும், இந்த ஓர் ஊரிலேயே இத்தனை பேர் என்பது போல.

செவிலியர் கதைக்கு வருவோம். அவள் 'ஐ ஆம் அலோன் இன் தி வார்டு' என்று எழுதியிருந்தால் சரியா? சரிதான். ஆனாலும் நான் அவளுக்குப் பிறகு சொல்லிக்கொடுத்தது வேறு இரண்டு வழிகள். ஒன்று, 'ஐ ஆம் தி ஓன்லி நர்ஸ் ஹியர்'. இதில் குழப்பத்துக்கே இடமில்லை. மற்றொன்று, 'ஐ ஆம் ஆன் மை ஓன்'.

'ஆன் மை ஓன்' என்ற தொடரைத் தமிழர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம். அதில் 'துணையில்லாமல்' என்பதோடு 'பிறர் உதவியில்லாமல், என் பொறுப்பில்' என்ற பொருளும் சேர்ந்து வரும். வார்டில் தன்னந்தனியாக இருபது நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. குழந்தை முதல் முறையாகத் தானே செருப்பு மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது என்றால் 'ஆன் ஹிஸ் ஓன்'. 'பை மைசெல்ஃப்' என்பதற்கும் இந்த இரண்டு பொருளும் உண்டு, ஆனால் சற்று இளகிய சொல். சினிமாவுக்குத் தனியாகப் போனேன், கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தேன் என்பதற்கெல்லாம் 'பை மைசெல்ஃப்' இயல்பாகப் பொருந்தும். பேச்சில் 'அலோன்' என்பதைவிட இதுதான் அதிகம் காதில் விழும்.

இந்தச் சொற்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் ஒரு பெண் தனியாகக் கதிர் அறுத்துக்கொண்டே பாடுவதைப் பற்றி அவர் எழுதிய 'தி சாலிட்டரி ரீப்பர்' என்ற கவிதை 1807-இல் வெளியானது. பலர் பள்ளியில் படித்திருக்கலாம். அதன் முதல் ஐந்து வரிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். முதல் வரியில் 'சிங்கிள்'. இரண்டாம் வரியில் 'சாலிட்டரி'. மூன்றாம் வரியில் 'பை ஹெர்செல்ஃப்'. ஐந்தாம் வரியில் 'அலோன்'. ஐந்து வரிகளுக்குள் நான்கு தனிமைகள்.

நான்கும் ஒன்றல்ல. 'சிங்கிள்' அந்தப் பெரிய வயலில் கண்ணுக்குத் தெரியும் உருவம் ஒன்றே என்கிறது. தொலைவிலிருந்து பார்க்கிறவனின் எண்ணிக்கை அது. 'சாலிட்டரி' அவளோடு ஒட்டிய அடைமொழி. அந்தக் காட்சிக்கே அடையாளமான தனிமை. 'பை ஹெர்செல்ஃப்' அறுப்பும் பாட்டும் அவளே, கூடச் சேர்ந்து பாட ஆளில்லை என்கிறது. நாற்று நடும்போதும் களை எடுக்கும்போதும் கூட்டமாகப் பாடிய பெண்களை அறிந்த நமக்கு, இந்தத் தனிக்குரல் எவ்வளவு வித்தியாசமானது என்று சட்டென்று புரியும். 'அலோன்' அறுப்பதும் கட்டுவதும் என இரண்டு வேலையையும் அவள் ஒருத்தியே செய்கிறாள் என்று முடிக்கிறது.

வராத சொல்லைக் கவனியுங்கள். 'லோன்லி' அங்கே இல்லை. பாடலின் மெட்டு சோகமானது என்று கவிஞர் சொல்கிறார். பெண் சோகமானவள் என்று சொல்லவில்லை. அவள் பாடும் மொழி அவருக்குப் புரியவில்லை. என்ன பாடுகிறாள் என்று யாராவது எனக்குச் சொல்ல மாட்டார்களா என்று கவிதைக்குள்ளேயே கேட்கிறார். அவள் மனத்துக்குள் அவர் போகவில்லை, அதனால் மனத்தின் சொல்லை அவள் மீது ஏற்றவும் இல்லை. நமக்கும் இது நல்ல அளவுகோல். தெருமுனையில் தனியாக நிற்கும் முதியவரைப் பற்றி எழுதும்போது, அவரே சொன்னாலன்றி 'லோன்லி' என்று எழுத நமக்கு உரிமையில்லை. 'அலோன்' என்று எழுதலாம். கண்ணால் பார்த்தது அதுதான்.

அதே 1807 தொகுப்பில்தான் அவருடைய புகழ்பெற்ற டஃபோடில் மலர்க் கவிதையும் இருக்கிறது. மேகம் போலத் 'தனியாக' அலைந்ததாகத் தொடங்கும் அதில் அவர் போட்ட சொல் 'லோன்லி'. உண்மையில் அன்று அவர் தனியாக இல்லை. 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அவருடன் நடந்தவர் தங்கை டோரதி. அந்த மலர்களைப் பற்றி டோரதி தன் நாட்குறிப்பில் எழுதியதும் இருக்கிறது. ஆகவே 'அலோன்' என்று எழுதியிருந்தால் நடந்ததற்கு மாறாக இருந்திருக்கும். 'லோன்லி' என்பதற்கு அந்தத் தடை இல்லை. தங்கை பக்கத்தில் இருந்தாலும் மனம் தனித்து மிதக்கலாம். அவர் அப்படிக் கணக்குப் பார்த்துத்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. சொல்லின் இயல்பு அதற்கு இடம் கொடுக்கிறது.

அந்தக் கவிதை முடியும்போது தனிமைக்கு வேறு ஒரு சொல் வருகிறது: 'சாலிட்யூட்'. சாய்வு மஞ்சத்தில் படுத்திருக்கும்போது அகக்கண்ணில் அந்த மலர்கள் மின்னுகின்றன, அதுவே தனிமையின் பேரின்பம் என்கிறார். அந்த இரண்டு வரிகளும் மனைவி மேரி தந்தவை என்று வேர்ட்ஸ்வொர்த்தே சொல்லியிருக்கிறார். 'லோன்லி'யில் தொடங்கி 'சாலிட்யூட்'டில் முடியும் பயணம் அது. சுமையான தனிமை சுவையான தனிமையாகிறது.

'சாலிட்யூட்' என்றால் நாமே விரும்பி ஏற்கும் தனிமை, அமைதி தரும் தனிமை. லத்தீனில் 'சோலஸ்' என்றால் தனித்த என்று பொருள். 'சோலோ', 'சோல்' எல்லாம் அதன் பிள்ளைகள். இதற்குத் தமிழில் அருமையான இணை இருக்கிறது: ஏகாந்தம். 'இனிது இனிது ஏகாந்தம் இனிது' என்ற ஔவையின் தனிப்பாடல் நம் வீட்டுச் சொத்து. 'இனிது இனிது லோன்லினெஸ் இனிது' என்று யாராவது மொழிபெயர்த்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த இடத்தில் 'சாலிட்யூட்' மட்டுமே நிற்கும். உங்கள் தமிழ் வாக்கியத்தில் 'தனிமை' இருக்கும் இடத்தில் 'ஏகாந்தம்' போட்டுப் பாருங்கள். பொருள் கெடாமல் இருந்தால் ஆங்கிலத்தில் 'சாலிட்யூட்'. கெட்டுப்போனால் 'லோன்லினெஸ்' பக்கம் தேடுங்கள். வகுப்பில் நான் தரும் சோதனைகளில் மாணவர்கள் மறக்காமல் வைத்திருப்பது இதைத்தான்.

ஆனால் 'சாலிட்டரி' என்ற அடைமொழிக்கு அந்த இனிமை எப்போதும் இருக்காது. இடத்தைப் பொறுத்தது. விலங்கியலில் புலியைச் 'சாலிட்டரி' விலங்கு என்பார்கள். தனித்து வாழ்வது அதன் இயல்பு, அதில் இன்பமும் இல்லை துன்பமும் இல்லை. சிறையில் 'சாலிட்டரி கன்ஃபைன்மென்ட்' என்றால் கொடிய தண்டனை. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் அதை மொத்தம் மூன்று மாதங்களுக்கு மேல் விதிக்கக் கூடாது, ஒரே மூச்சில் 14 நாட்களைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியிருந்தது. மண்டேலா விதிகள் என்று பெயர்பெற்ற 2015-ஆம் ஆண்டின் ஐ.நா. விதிகள், நாளொன்றுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் அடைத்து வைப்பதைத் தனிமைச் சிறை என்கின்றன. தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் அதை நீட்டிக்கத் தடை விதிக்கின்றன. விரும்பி ஏற்றால் வரம், திணித்தால் வதை. இரண்டுக்கும் வேர்ச்சொல் ஒன்றே.

'லோன்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாம் வங்கியில் வாங்கும் கடனும் இதுவும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி, எழுத்துதான் வேறு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மட்டுமே வரும், எண்ணிக்கையை மட்டுமே சொல்லும். காட்டிலிருந்து ஊருக்குள் வரும் ஒற்றை யானையை ஆங்கில நாளிதழ்கள் 'லோன் டஸ்கர்' என்று எழுதுகின்றன. நம் 'ஒற்றை' என்ற சொல்லுக்கு நேர் நிகர். வளர்ந்த ஆண் யானை கூட்டத்தை விட்டுப் பிரிந்து திரிவது இயற்கை என்பதால், அதை 'லோன்லி' யானை என்று எழுதினால் இல்லாத துயரத்தை ஏற்றியதாகிவிடும். மனிதர்களில் 'லோனர்' என்றால் யாரோடும் ஒட்டாதவர். அதில் லேசான குறை சொல்லும் தொனி உண்டு, ஆகவே நண்பர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது தவிர்த்துவிடுங்கள்.

'லோன்சம்' பெரும்பாலும் அமெரிக்க வழக்கு. 'லோன்லி' போன்றதுதான், இன்னும் கொஞ்சம் வாஞ்சை கூடியது. கலாபகஸ் தீவுகளில் ஒன்றான பின்டாவில் 1971-இல் ஓர் ஆண் ஆமையைக் கண்டுபிடித்தார்கள். அதன் இனத்தில் அது ஒன்றே மிச்சம். 'லோன்சம் ஜார்ஜ்' என்று பெயர் வைத்தார்கள். வேறு தீவுகளின் நெருங்கிய இனப் பெண் ஆமைகளை அதோடு சேர்த்து வளர்த்தும் குஞ்சு பொரிக்கவில்லை. 2012 ஜூன் 24 அன்று ஜார்ஜ் இறந்தது. அந்த வேலிக்குள் ஜார்ஜ் 'அலோன்' இல்லை, துணைக்கு ஆமைகள் இருந்தன. ஆனாலும் பெயர் 'லோன்சம்'. பெயர் வைத்தவர்கள் சரியான சொல்லைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

அடுத்தது 'ஐசலேட்டட்'. இதன் வேர் 'இன்சுலா', லத்தீனில் தீவு. சுற்றிலும் கடல், போக்குவரத்து அறுந்த நிலை. ஒரு மலைக்கிராமம் வெள்ளத்தில் சாலை துண்டிக்கப்பட்டுக் கிடந்தால் 'ஐசலேட்டட்'. கிராமத்துக்குள் ஐந்நூறு பேர் கூடி இருந்தாலும் அப்படித்தான். மனிதருக்குச் சொன்னால், பிறரோடு தொடர்பு அற்றுப்போனவர். யார் அறுத்தார்கள் என்பது வேறு கேள்வி. சில நேரம் நோய், சில நேரம் மொழி, சில நேரம் ஊரே ஒதுக்கி வைப்பது. 2020-இல் நம் ஊர் வாசல்களில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று ஒட்டினார்களே, அந்த ஒரு தமிழ்ச் சொல் ஆங்கிலத்தின் இரண்டு சொற்களுக்கு வேலை செய்தது. தொற்று உறுதியானவரைப் பிரித்து வைப்பது 'ஐசலேஷன்'. தொற்று வந்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுபவரைப் பிரித்து வைத்துக் கவனிப்பது 'குவாரன்டீன்'. துறைமுகத்தில் கப்பல்களை நாற்பது நாள் நிறுத்தி வைத்த வெனிஸ் நகரத்து வழக்கத்திலிருந்து வந்த சொல் அது.

'ஐசலேஷன்' வெளியிலிருந்து அளக்கக்கூடியது: வாரத்தில் எத்தனை பேரைப் பார்க்கிறார், எத்தனை பேரோடு பேசுகிறார். 'லோன்லினெஸ்' அவர் சொன்னால்தான் தெரியும். ஜப்பான் அரசு 2021-இல் இதற்கென ஓர் அமைச்சரை நியமித்தபோது, பொறுப்பின் பெயரிலேயே இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொற்களைப் போட்டார்கள். இங்கிலாந்து அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2018-இல், 'லோன்லினெஸ்' பொறுப்பை ஓர் அமைச்சரிடம் கொடுத்துவிட்டது.

'சிங்கிள்' என்று இன்று சொன்னால் மணமாகாதவர் அல்லது துணை இல்லாதவர் என்றே பொருள்படும். நாம் ஒண்டிக்கட்டை என்கிறோமே, அது. தனியாக வந்திருக்கிறீர்களா என்று கேட்பவரிடம் 'எஸ், ஐ ஆம் சிங்கிள்' என்று சொன்னால் கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. இங்கிலாந்தில் ரயில் டிக்கெட் எடுக்கும்போது 'சிங்கிள்' என்றால் ஒருவழிப் பயணம். ஓர் ஆளுக்கு என்பதல்ல. என் மாணவி இதிலும் ஒருமுறை தடுமாறியிருக்கிறாள்.

இனி, நம் தமிழே நமக்கு வைக்கும் கண்ணிகள். ஓட்டலில் 'சட்னியைத் தனியாகக் கட்டுங்கள்' என்கிறோம். இதில் தனிமையே கிடையாது. வேறாக, பிரித்து என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் 'செப்பரேட்லி'. இங்கே 'அலோன்' போட்டால், சட்னி மட்டும் போதும், இட்லி வேண்டாம் என்று புரிந்துகொள்ளக்கூடும். 'தனி வீடு' என்பதும் அப்படித்தான். அடுக்குமாடி அல்லாத, மதில் சுற்றிய வீடு. அதை 'லோன்லி ஹவுஸ்' என்று விளம்பரம் செய்தால், அத்துவானக் காட்டில் ஆளரவமற்று நிற்கும் வீடு என்று படிப்பவர் பயந்துபோவார். இடத்துக்கு 'லோன்லி' போட்டால் பொருள் அதுதான்.

தனிக்குடித்தனம் இன்னும் நுட்பமானது. கல்யாணமான இருவர் பெற்றோரிடமிருந்து பிரிந்து வேறு வீட்டில் குடியேறுவதைச் சொல்கிறோம். 'தே லிவ் அலோன்' என்று எழுதினால் கணவனும் மனைவியும் வெவ்வேறு வீட்டில் ஒற்றையாக இருப்பதாகக்கூடப் படிக்கலாம். 'தே லிவ் ஆன் தேர் ஓன்' என்பது பரவாயில்லை. அதிலும் மாமியார் வீட்டின் வாசனை வராது. அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கும் குடும்பச் சரித்திரத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக ஒரு முழு வாக்கியம் தேவை. எழுதிவிடுவது நல்லது.

'அலோன்' சேர்ந்த இரண்டு தொடர்களைத் தவறாமல் கற்றுக்கொள்ளுங்கள். 'லீவ் மி அலோன்' என்றால் என்னைத் தொந்தரவு செய்யாதே. சொல்லும் தொனியில் கோபம் ஏறிவிடும், ஆகவே அலுவலகத்தில் சற்று நேரம் அமைதி வேண்டும் என்பதற்கு இதைச் சொல்லாதீர்கள். 'ஐ நீட் சம் டைம் பை மைசெல்ஃப்' போதும். 'லெட் அலோன்' முற்றிலும் வேறு. 'ஹி கேனாட் வாக், லெட் அலோன் ரன்.' நடக்கவே முடியவில்லை, இதில் ஓடுவது எங்கே? நம் 'எங்கே'தான் அது. இந்த இரண்டும் சேரும் ஓர் அழகிய இடம் சட்டத்தில் இருக்கிறது. அந்தரங்க உரிமையை 'தி ரைட் டு பி லெட் அலோன்' என்பார்கள், தன் போக்கில் விடப்படும் உரிமை. நக்கீரன் ஆசிரியர் இரா. ராஜகோபால் தமிழ்நாடு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலும் அந்தத் தொடர் வருகிறது.

இதையெல்லாம் என் மாணவிக்கு ஒரே நாளில் எழுதி அனுப்பவில்லை. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இப்போது அவள் தனக்கென ஒரு சிறு வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறாள். 'ஐ லிவ் ஆன் மை ஓன் நவ், சார்' என்று எழுதியிருந்தாள். விடுமுறை நாளில் ஆற்றங்கரை வரை 'பை மைசெல்ஃப்' நடந்துவிட்டு வருவதாகவும், அது பிடித்திருப்பதாகவும் சொன்னாள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வீடியோவில் பேசி முடித்து, திரை அணைந்ததும், ஐந்து நிமிடம் என்னவோ போல இருக்கிறது. எழுந்து விளக்கைக்கூடப் போடத் தோன்றுவதில்லை. அதற்கு எந்தச் சொல் சார்?

அதற்கு 'லோன்லி' என்றே எழுதலாம் அம்மா என்று பதில் அனுப்பினேன்.